சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

காமர்ஸ் படித்த யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாத இரவுகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். பற்று ஒரு தொகை, வரவு ஒரு தொகை. நடுவில் 360 ரூபாய் உதைக்கும். இரண்டு வழி உண்டு. அந்த 360-ஐ சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அல்லது, அந்த 360-ஐயே உற்றுப் பார்க்கலாம். 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா? அப்படியானால், எங்கோ 840-ஐ 480 என்று மாற்றி எழுதியிருக்க வாய்ப்புண்டு. இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். தப்பு, தன் விலாசத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் போகும்.

கம்ப்யூட்டர் உலகில் சஸ்பென்ஸ் அக்கவுண்டுக்கு வேறு பெயர். ரீஸ்டார்ட்!

2016-ல் நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சர்வர் அடிக்கடி மயங்கி விழ ஆரம்பித்தது. பக்கங்கள், படங்கள், பழைய இதழ்கள் எல்லாம் அதில்தான். விழும். யாராவது ரீஸ்டார்ட் செய்வார்கள். எழுந்துகொள்ளும். 'சரியாயிடுச்சு' என்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவோம். சர்வீஸ் கம்பெனிக்காரர் வந்து 'ராம்தான் பிரச்னை' என்று மாற்றிக் கொடுத்தார். மறுபடி விழுந்தது.

மூன்றாவது தடவை விழுந்தது இதழ் முடிக்கிற ராத்திரி. நீலத்திரையில் சதவிகிதம் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் பவர் பட்டனை அழுத்தப் போனார். புதிதாகச் சேர்ந்திருந்த சிஸ்டம் பையன் குறுக்கே வந்தான்.

''ரெண்டு நிமிஷம் சார். வாக்குமூலம் எழுதிக்கிட்டு இருக்கு.''

''ஃபாரம் போகணும் தம்பி!''

''போயிரும் சார். இப்ப ஆஃப் பண்ணினா நாளைக்கும் இதே நேரத்துக்கு நாம இங்கதான் நிப்போம்.''

அவன் சொன்ன வாக்குமூலத்துக்கு 'மெமரி டம்ப்' என்று பெயர். விழுகிற நொடியில் நினைவகத்தில் இருந்ததை விண்டோஸ் ஒரு ஃபைலாக எழுதி வைக்கிறது. அடுத்த தடவை விழுந்தால், வழக்கமான செட்டிங்கில், பழைய ஃபைலின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். பையன் முதல் காரியமாக அதைப் பிரதி எடுத்து வைத்தான். பிரித்துப் பார்த்ததில், ஸ்டோரேஜ் கன்ட்ரோலரின் டிரைவர் பெயர் வந்தது.

அது என்ன என்கிறீர்களா? சர்வருக்குள் இருக்கும் ஏழெட்டு ஹார்டு டிஸ்க்குகளை மேய்க்கிற கார்டுதான் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர். கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் துபாஷி வேலை பார்க்கும் மென்பொருள் டிரைவர். கார்டுக்குள்ளேயே குடியிருக்கும் மென்பொருள் ஃபர்ம்வேர்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். டிஸ்க்கில் எழுதித் தருகிற டிரைவரே செத்துவிட்டால், வாக்குமூலத்தை டிஸ்க்கில் எழுதுவது யார்? விண்டோஸ் இதை யோசித்திருக்கிறது. பூட் ஆகும்போதே அந்த டிரைவரின் இன்னொரு பிரதியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆபத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தும். சாவு வருவதற்கு முன்பே சாட்சியை ஏற்பாடு செய்துவிடுகிற ஜாக்கிரதை!

ஆனால், பெயர் வந்துவிட்டதாலேயே குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. விழுந்தவன் ஒருவன், தள்ளிவிட்டவன் வேறொருவனாக இருக்கலாம். பையன் ஒரு பேப்பரில் மூன்று தேதிகளையும் நேரங்களையும் எழுதினான். மூன்று தடவையும் இரவு 11.30-லிருந்து 11.45-க்குள். பேக்கப் ஆரம்பிப்பது 11.30-க்கு! அதாவது, டிஸ்க்குகளுக்கு வேலை மொத்தமாகக் குவிகிற நேரம். அடுத்த கேள்வி: முதல் தடவை விழுவதற்கு முன் என்ன மாறியது? டிரைவர் அப்டேட் ஆகியிருந்தது. ஃபர்ம்வேர் பழசு. துபாஷி புதுப் பாஷைக்கு மாறிவிட்டார், கார்டு பழைய பாஷையிலேயே பேசிக்கொண்டிருந்தது.

சர்வீஸ்காரர் 'கார்டையே மாத்திடலாம்' என்றார். பையன் சம்மதிக்கவில்லை. இந்த வகைக் கார்டுகள் பலவற்றில், புதுக் கார்டைப் போட்டதும் பழைய டிஸ்க்குகள் 'ஃபாரின்' என்று காட்டும். 'இம்போர்ட்', 'கிளியர்' என்று இரண்டு வழி கேட்கும். அவசரத்தில் 'கிளியர்' அழுத்தினால் டிஸ்க்குகள் எந்த வரிசையில் கோத்திருந்தன என்ற குறிப்பே அழிந்துவிடும். எங்கள் வருடக்கணக்கான படங்கள் ஒரு பட்டனில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். முழு பேக்கப் எடுத்து, இன்னொரு மெஷினில் திறந்து பார்த்தான். அப்புறம் ஃபர்ம்வேரை மட்டும் ஏற்றினான். வேறு எதையும் தொடவில்லை. பிறகு பட்டப்பகலில், வேண்டுமென்றே பேக்கப்பை ஓடவிட்டான். சர்வர் விழவில்லை. அதற்குப் பிறகும் விழவில்லை.

நேரம் எவ்வளவு பெரிய துப்பு என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று. 2019 நவம்பரில் ஹெவ்லெட் பக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தன்னுடைய சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள் 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுபோகும், உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காது, உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்றது. கணக்குப் போட்டால் 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். 32,768 சும்மா வந்த எண் அல்ல. 2-ஐ 15 தடவை பெருக்கினால் வருவது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது நம் 9 மாதிரி. பார்த்ததுமே 'எங்கோ எண்ணிக்கை நிரம்பி வழிகிறது' என்று மூக்கில் வியர்க்கும்.

இதில் இன்னொரு பயங்கரம். ஒரே நாளில் வாங்கி ஒன்றாக மாட்டிய டிஸ்க்குகள், ஏறக்குறைய ஒன்றாகவே சாகும். 'ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்' என்ற நம்பிக்கை அங்கே செல்லாது.

ஆகவே, உங்கள் மெஷின் அடுத்த தடவை விழும்போது பட்டனுக்கு முன் பேனாவை எடுங்கள். மணி என்ன, திரையில் என்ன, கடைசியாக மாறியது என்ன? மூன்றையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் சிஸ்டம் ஆளிடம் 'பேக்கப் எடுக்கறீங்களா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் எடுக்கிறார்கள். 'கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க?' என்று கேளுங்கள். தேதி சொன்னால் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். தலையைச் சொறிந்தால், காபியை நீங்கள் குடியுங்கள். ராத்திரி வேலை இருக்கிறது.