ஏப்ரல் வரை

ஒரு வீட்டில் ரேடான் எவ்வளவு என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

வினிப்பெக்கில் எங்கள் பேஸ்மென்ட்டில் ஜூலை மாதம் கருவி காட்டியது ஒரு கன மீட்டருக்கு 80 பெக்கரல். கனடா அரசு சொல்லும் வரம்பு 200. "அப்புறம் என்னப்பா, நான் கீழே போகலாம்ல?" என்றாள் மகள். 15 வயது, தங்கையிடமிருந்து தப்பித்துத் தனி அறை வேண்டும். ஏப்ரல் வரை பொறு என்றேன். காரணம் கேட்டாள்.

மண்ணில் இருக்கும் யுரேனியம் மெல்லச் சிதைந்து ரேடியமாகிறது. அதிலிருந்து பிறக்கும் வாயுதான் ரேடான். நிறமில்லை, மணமில்லை. பிறந்ததில் பாதி 3.8 நாளில் சிதைந்துவிடும். அதற்குள் மண்துகள்களின் இடுக்கு வழியாக மேலே வந்தது வெட்டவெளியில் கரைந்துபோகும். வீட்டுக்குள் வந்தது தங்கிவிடும். கனடாவில் புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோய்க்கு இதுதான் முதன்மைக் காரணம்.

அதன் வழியைத் திறப்பதும் அடைப்பதும் வானிலை. கோடையில் காய்ந்து வெடித்த மண் எல்லாப் பக்கமும் வாயுவை விடும். பெருமழை பெய்தால் மண்ணின் துளைகளை நீர் அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்த வேலையை உறைபனி செய்கிறது. இங்கே நிலம் ஒரு மீட்டருக்கும் கீழே இறுகிப்போகும். இறுகாத இடம் சூடான வீட்டின் அடிதான். வீட்டுக்குள் சூடான காற்று மேலேறி வெளியேற, அந்த வெற்றிடத்தை நிரப்பத் தரையின் விரிசல்கள் வழியே வாயு உள்ளே வரும். புயலுக்கு முன் காற்றழுத்தம் இறங்கினால் இன்னும் கூடுதலாக.

தஞ்சாவூரிலிருந்து அம்மா போனில் சொன்ன வைத்தியம்: "விடிஞ்சதும் ஜன்னலைத் திறந்து வைடா." ஆண்டு முழுவதும் ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் அது சரி. இங்கே ஜனவரியில் வெளியே மைனஸ் 30.

நவம்பரிலிருந்து மூன்று மாதம் பரிசோதனைக் கருவியை அந்த அறையில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். சராசரி 290 என்று வந்தது. பக்கத்தில் வைத்திருந்த டிஜிட்டல் கருவி ஒரு பனிப்புயல் இரவில் 400ஐத் தாண்டியது. சில பகல்களில் 150. நல்ல நாளாகப் பார்த்து அளந்திருந்தால் நல்ல பதிலே கிடைத்திருக்கும்.

பிப்ரவரி இறுதியில் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, ஒரு விசிறி பொருத்தினார்கள். கான்கிரீட்டுக்கு அடியிலேயே வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளும். மார்ச்சில், நிலம் உறைந்திருக்கும்போதே, எண் 35க்கு இறங்கியது. சொன்னபடி ஏப்ரலில் மகள் கீழே குடியேறினாள்.

நண்பர்கள் பலர் பேஸ்மென்ட்டில்தான் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் பெற்றோரைத் தங்கவைப்பதும் அங்கேதான். "நாங்க பார்த்தாச்சு, ஒண்ணுமில்லை" என்பார்கள். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் வீடு வாங்கிய கோடையில்.