ஞாயிறு இல்லாத செல்கள்

2024 பிப்ரவரியில், ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து, தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. பிள்ளைகள் தின்ற நிறம் குடலுக்குள் போய் என்ன செய்யும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. உயிர்வேதியியல் நடத்தும் நண்பர், "வாங்க, நேர்லயே பார்த்துடலாம்" என்று சென்னையில் குடல் செல்களை வளர்த்துச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

உள்ளே இருந்தது ஒரே ஒரு பெண். செங்கம் பக்கத்துக் கிராமம், எம்.எஸ்சி. முடித்த திட்ட உதவியாளர். கையுறைமேல் ஆல்கஹாலைத் தெளித்தபடியே பேசினார்: "லீவு நமக்குத்தான் சார், செல்லுக்கு ஏது?" ஒருநாள் விட்டு ஒருநாள் செல்களின் ஊட்டக் கரைசலை, அதாவது மீடியத்தை, மாற்றியாக வேண்டும்.

காக்கோ-2 என்பது இந்தச் செல்களின் பெயர். 72 வயது மனிதர் ஒருவரின் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து, 1970களில் அமெரிக்காவில் ஜோர்கன் ஃபோக் வளர்த்தெடுத்தது. 21 நாள் வளர்த்தால் சிறுகுடல் செல்களைப் போலவே நுண்ணிய விரல்களை நீட்டி, ஒன்றையொன்று இறுகப் பிடித்து, ஒற்றை அடுக்குச் சுவராகிவிடும். நுண்துளைச் சவ்வுமேல் அந்தச் சுவர். மேல் பக்கம் உணவு, கீழ்ப் பக்கம் ரத்தம்.

உயிரோடிருக்கும் செல் மஞ்சள் கரைசலை ஊதாவாக்கும் என்பது வழக்கமான சோதனை. சோதிப்பதே ஒரு சாயம் என்றால் அந்தக் கணக்கு குழம்பும். அதனால் அந்தப் பெண் நம்புவது 'சாப்ஸ்டிக்'கை. இரண்டு குச்சி போன்ற மின்முனை. நெட்டை வெளிக் குழியில், குட்டை உள்ளே. சுவர் இறுக்கமாக இருந்தால் மின்தடை ஏறும், பிடி தளர்ந்தால் இறங்கும். "சாகறதுக்கு முன்னாடியே கையை விட்டுடும் சார். அது இதுல தெரிஞ்சிடும்."

குச்சி சாய்ந்தால் எண் மாறும். சவ்வில் உரசினால் மூன்று வார உழைப்பு கிழியும். இன்குபேட்டரின் 37 டிகிரியிலிருந்து வெளியே எடுத்த தட்டு ஆற ஆற மின்தடை தானாக ஏறும். பன்னிரண்டு குழியையும் மூச்சடக்கி அளந்தார். என் பாட்டி சேவை பிழிகிறபோதுதான் அப்படி ஒரு கையைப் பார்த்திருக்கிறேன்.

மீடியத்தில் கலக்கப் போன மாதம் வந்த சீரம் வழியிலேயே உருகிக் கெட்டுவிட்டதாம். விற்பனையாளர் மாற்றித் தர மறுத்துவிட்டார். சீரமும் சவ்வுத் தட்டும் இறக்குமதி; கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் விலை ஏறுகிறது. அந்தச் செலவைச் சரிக்கட்ட வெட்டு விழுவது எங்கே? இந்தப் பெண்ணின் சம்பளத்தில். விலங்கில்லாத சோதனைகளுக்கு இடம் கொடுத்து 2023இல் மத்திய அரசு மருந்து விதிகளைத் திருத்தியது, நல்ல காரியம். ஆனால் அந்தச் சோதனையைச் செய்யும் கைக்கு நிரந்தர வேலை எந்த விதியில் இருக்கிறது? (சீரமும்கூடப் பசுவின் வயிற்றுக் கன்றிலிருந்து எடுப்பதுதான். அதையும் மறக்கக் கூடாது.)

இவர் அளந்த எண்கள் அச்சான கட்டுரை ஒன்றை நண்பர் காட்டினார். ஆசிரியர் வரிசையில் இவர் பெயர் இல்லை. நன்றி வரியிலும் இல்லை. பேராசிரியர்களே, அடுத்த கட்டுரையிலாவது அந்தப் பெயரைப் போடுங்கள்.