சுவரில் கை வைத்த அண்ணன்

எங்கள் நிட்டிங் கம்பெனியில் இருபது மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்து ஆளிடம் 'டீ' என்று சொல்லக்கூட சைகைதான். அந்த இரைச்சலில் எங்கள் பிட்டர் அண்ணன் ஒரு வேலை செய்வார். மெஷின் காலில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அரை நிமிஷம் நிற்பார். "பேரிங் போவுது தம்பி, நிறுத்துங்க" என்பார். பிரித்துப் பார்த்தால், போயிருக்கும்! கணக்கு எழுதுகிற நானும் கை வைத்துப் பார்த்தேன். எண்ணெய் ஒட்டியதுதான் மிச்சம்.

"இது காதுல கேக்குற சத்தமில்ல தம்பி. அடியில ஓடுற சத்தம்."

அண்ணனுக்கு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 15, ராத்திரி ஷிப்ட். கஜா புயல் அவர் ஊரைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. சாயங்காலமே அம்மாவுக்கு போன் போட்டு, "பள்ளிக்கூடத்துக்குப் போயிடு" என்று கெஞ்சினார். "ஆட்டை யாரு பாக்குறது?" என்று அம்மா பிடிவாதம். பதினோரு மணிக்கு மேல் லைன் கிடைக்கவில்லை. அண்ணன் மெஷின் பக்கமே போகாமல், சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கண்ணா, என்ன பண்றீங்க?"

"கடல் அதிர்றது இங்க வரைக்கும் வருமான்னு பாக்குறேன் தம்பி..."

பாவம், பயத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். அது உளறல் இல்லை என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பம்பாய் கொலாபா ஆய்வுக்கூடத்தில் எஸ்.கே.பானர்ஜி என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். பூகம்பமே இல்லாத நாட்களிலும் பூகம்பமானியின் கோடு லேசாக நடுங்குவதைக் கவனித்தார். கடலில் மழைக்காலமோ புயலோ வந்தால் நடுக்கம் கூடியது. ஆக, கரையில் உட்கார்ந்தே புயலை 'கேட்கலாம்'! இந்தியக் கடல்களின் கொந்தளிப்புக்கும் இந்த நடுக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1930ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். பின்னாளில் நம் வானிலைத் துறையின் தலைவரான முதல் இந்தியரும் அவர்தான்.

காரணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் லாங்கே ஹிக்கின்ஸ், 1950ல். எதிரெதிரே வரும் இரண்டு அலைக்கூட்டங்கள் மோதினால், கடல் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் குதிக்கும். பத்து விநாடிக்கு ஒன்றாக வரும் அலைகள் மோதினால், ஐந்து விநாடிக்கு ஒரு குத்து கடலடித் தரைக்கு விழும். அதே குத்து மேலே காற்றுக்கும் விழும். அதுவும் சத்தம்தான். ஆனால் விநாடிக்கு 20 அதிர்வாவது இருந்தால்தான் நம் காது மதிக்கும். இதுவோ ஐந்து விநாடிக்கு ஒன்று! இவ்வளவு தாழ்ந்த சத்தத்தைக் காற்று சுலபத்தில் விழுங்குவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். நாலைந்து அழுத்தமானிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, எதில் முதலில் படுகிறது என்று பார்த்தால் திசை தெரிந்துவிடும். அணுகுண்டு சோதனைகளை ஒட்டுக் கேட்க, 1996 ஒப்பந்தப்படி உலகெங்கும் 60 நிலையங்கள் திட்டமிட்டார்கள். அதில் புயல் சத்தம் இலவச இணைப்பு!

ஒரு சிக்கல் உண்டு. சத்தம் வருவது அலைகள் மோதுகிற இடத்திலிருந்து. புயலின் கண் வேறிடத்தில் இருக்கும். அதனால் எச்சரிக்கை கொடுப்பதற்கு இன்றைக்கும் செயற்கைக்கோளும் ரேடாரும்தான். இந்தச் சத்தம், புயலுக்குக் கீழே கடல் எப்படிக் கொந்தளிக்கிறது என்று படிக்க உதவுகிறது. திருப்பூர் சுவரில் கை வைத்தால்? ஒன்றும் தெரியாது. அந்த நடுக்கம் அவ்வளவு சின்னது.

நள்ளிரவுக்குப் பிறகு கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்ததும் அண்ணன் பஸ் ஏறினார். மூன்றாம் நாள் திருத்துறைப்பூண்டியிலிருந்து யாருடைய போனிலோ பேசினார்.

"அம்மா நல்லாருக்கு தம்பி. ஆபீசருங்க வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்களாம். ஆட்டோடதான் வருவேன்னு ஆட்டையும் இழுத்துட்டுப் போயிருக்கு. வீட்டுக் கூரை இல்ல. தென்னை ஒண்ணுகூட நிக்கல..."

அந்த ராத்திரிக்கு முன்பே, அப்படி 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஒரு மாசம் கழித்துத்தான் அண்ணன் திரும்பி வந்தார். முதல் வேலையாக ஆறாம் நம்பர் மெஷினில் கை வைத்து, "இதை யாருய்யா இப்படி ஓட்டுனது?" என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தம் மட்டும் இருபது மெஷினையும் தாண்டி எல்லோருக்கும் கேட்டது.