பூட்டு ஊருல ஒரு பேனாக்கத்தி!

கத்தி வாங்கலாமா?

அட, பதறாதீங்க! சினிமாவுல சுமோவுல இருந்து குதிக்கிற கோஷ்டி சுழற்றுமே, அந்தச் சமாச்சாரம் இல்லை. கொய்யா நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, பென்சில் சீவ, ஹாஸ்டல்ல மிக்சர் பாக்கெட் பிரிக்க... மடக்கினா உள்ளங்கைக்குள்ள அடங்குற பேனாக்கத்தி!

அந்தப் பேரே நம்ம ஆளுங்களோடதுதான். இறகுப் பேனாவால எழுதின காலத்துல, அதோட முனையைச் சீவ வெச்சிருந்த குட்டிக் கத்திதான் பேனாக்கத்தி. அதாவது, அது ரவுடி சாமான் இல்லை, படிக்கிறவங்க சாமான். நம்ம அப்பத்தாக்களோட சுருக்குப்பையில வெத்தலையோட எப்பவும் ஒரு பாக்குவெட்டி இருந்ததை மறக்க முடியுமா? தினமும் கூடவே ஒரு சின்ன வெட்டுக் கருவி வெச்சிருக்கிறது நமக்குப் புதுசு இல்லை.

'சரி பாஸ், கத்தி வாங்க எதுக்கு திண்டுக்கல் பக்கம் கூப்பிடுறீங்க?'ன்னு கேக்குறீங்களா? காரணம் இருக்கு. மடக்குக் கத்தி வாங்குற பத்துப் பேர்ல ஒன்பது பேர் கூர்மையைத்தான் பார்ப்பாங்க. ஆனா விரலைக் காப்பாத்துறது கூர்மை இல்லை. விரிச்ச கத்தி விரிச்சபடி நிக்கணும், மடக்கினது மடக்கினபடி இருக்கணும். அதுக்கு உள்ளே ஒரு பூட்டு இருக்கு. பூட்டைப் பத்திப் பாடம் படிக்க திண்டுக்கல்லை விட்டா வேற ஊர் ஏது? ஒரு சனிக்கிழமை காலையில கிளம்புங்க!

மலைக்கோட்டையில முதல் பாடம்

பஸ் ஸ்டாண்டுல இறங்கி நிமிர்ந்து பார்த்தா, மொட்டையா ஒரு பாறை. திண்டு மாதிரி இருக்கிற கல், அதனால திண்டுக்கல்னு ஊர்ல சொல்வாங்க. மேல இருக்கிற கோட்டையை 1605-ல் கட்ட ஆரம்பிச்சவர் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர். 1755-ல் ஹைதர் அலி இங்கே பொறுப்புக்கு வந்தார். அவர் பெரிய ஆளா வளர்றதுக்கு அஸ்திவாரம் போட்ட ஊர்கள்ல இதுவும் ஒண்ணு. 1792-ல் திப்பு சுல்தான் போட்ட ஒப்பந்தத்தோட வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு.

வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே படி ஏறிடுங்க. மேல நின்னா ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் தூரத்துல கொடைக்கானல் மலைத்தொடர், நடுவுல தீப்பெட்டி தீப்பெட்டியா ஊர். காத்து சும்மா ஜிவ்வுனு அடிக்கும்!

ஆனா, கையில கத்தி இருந்தா சில பேருக்கு அரிப்பு வந்துடும். ஒரு ஹார்ட்டு, குறுக்கே ஒரு அம்பு, ரெண்டு பக்கமும் இங்கிலீஷ் எழுத்து! வேணாம் மச்சி. இது மத்திய தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கிற சின்னம். இப்படிப்பட்ட இடத்தைச் சிதைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். 1958-ம் வருஷச் சட்டத்தை 2010-ல் திருத்தி இவ்வளவு கடுமையாக்கினாங்க. காதலை நேர்ல சொல்லிடுங்க, செலவு கம்மி!

பட்டறையில ரெண்டாவது பாடம்

கீழ இறங்கி நாகல்நகர், குடைப்பாறைப்பட்டி, நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி பக்கம் போங்க. பெரிய பெரிய ஃபேக்டரியைத் தேடாதீங்க. வீட்டுத் திண்ணை, ஓட்டுக் கொட்டகை, ஒரு பட்டறை, கையில அரம். அவ்வளவுதான் செட்டப்! "அண்ணே, மாங்காய் பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுங்கண்ணே"ன்னு பணிவா கேட்டுப் பாருங்க. "வா தம்பி, இப்படி உட்காரு"ன்னு ஒரு குரல் வந்தா, காலேஜ்ல நடத்தாத ஒரு கிளாஸ் அங்கே நடக்கும்.

விஷயம் இதுதான். பூட்டுக்குள்ள லீவர்னு சின்னச் சின்னத் தகடுகள் அடுக்கா இருக்கும். சாவியோட ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைத் தூக்கும். ஒவ்வொண்ணும் அதுக்குன்னு வெச்ச உயரத்துக்குச் சரியா வரணும். கொஞ்சம் குறைஞ்சாலும் திறக்காது, கொஞ்சம் கூடினாலும் திறக்காது. 'கூடினாலும் திறக்காது'ங்கிற சூட்சுமத்துக்கு 1778-ல் இங்கிலாந்துல ராபர்ட் பேரன்ங்கிறவர் காப்புரிமை வாங்கினார். நம்ம ஊர் ஆசாரிகள் அதே வேலையை அரத்தால தேய்ச்சுத் தேய்ச்சுக் கைப்பழக்கத்துல கொண்டு வந்துட்டாங்க.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்ட்டில் புவிசார் குறியீடு கிடைச்சது. சந்தோஷம்தான். ஆனா அலிகாரில் இருந்து விலை குறைவா பூட்டு வந்து குவியுது, மெஷின் பூட்டு போட்டி போடுது. பட்டறையில குனிஞ்சு உட்கார்ந்திருக்கிறவங்க தலையைப் பாருங்க, பாதிக்கு மேல நரைச்சிருக்கும். பசங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. ஹாஸ்டல் பெட்டிக்கு ஒரு பூட்டு வேணும்னா இங்கேயே வாங்குங்க. அதைச் செஞ்சவர் முகத்தைப் பார்த்து வாங்குற பாக்கியம் எத்தனை பொருளுக்குக் கிடைக்கும்?

இப்போ கத்திக்கு வருவோம்!

பட்டறைப் பாடத்தை மனசுல வெச்சுக்கிட்டு, கடையில கத்தியை விரிங்க.

ஒண்ணு... இதுல பூட்டு இருக்கா, இல்லையா? பல சின்னக் கத்திகள்ல பூட்டே கிடையாது. முதுகுப்பக்க ஸ்பிரிங் அழுத்துறதாலதான் நிக்கும். சுவிஸ் விக்டோரினாக்ஸோட 58 மில்லிமீட்டர் குட்டிக் கத்தியும் இந்த ஜாதிதான். பழம், கயிறு, காகிதத்துக்கு இது தாராளம். ஆனா குத்துறது, நெம்புறது கூடவே கூடாது. முனை எங்கேயாவது மாட்டி அலகு திரும்பினா, மடங்குறது உங்க விரல் மேலதான்!

ரெண்டு... பூட்டு இருந்தா என்ன வகை? சிலதுல உள்ளே ஒரு தகடு நகர்ந்து வந்து அலகோட அடிப்பாகத்தை முட்டி நிக்கும். சிலதுல முதுகுல ஒரு கொக்கி விழும். பிரான்ஸ்ல 1890-ல் பிறந்த ஓபினெல் கத்திக்கு, 1955-ல் சுழற்றுற வளையம் ஒண்ணைச் சேர்த்தாங்க. திருகினா பூட்டு, எதிர்ப்பக்கம் திருகினா திறப்பு. எந்த வகையா இருந்தாலும், விரலை மடங்குற வழியில வைக்காம, முதுகுப்பக்கத்தை மெதுவா அழுத்திப் பாருங்க. அசைஞ்சா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க.

மூணு... ஆட்டிப் பாருங்க. விரிச்ச அலகு இடமும் வலமும் லொடலொடன்னு ஆடக் கூடாது. மடக்கினதும் முனை கைப்பிடிக்குள்ள முழுசா முங்கணும். தலைகீழாப் பிடிச்சு உதறினாலும் தானா விரியக் கூடாது. பேன்ட் பாக்கெட்டுல தொடைக்குப் பக்கத்துல இருக்கப் போற பொருள் பாஸ்!

நாலு... நீளம். மாணவருக்கு அலகு 6, 7 சென்டிமீட்டர் இருந்தா எதேஷ்டம். பட்டனைத் தட்டினா 'சட்டக்'னு பாயுற கத்தி வேணவே வேணாம். கொய்யாவைப் பயமுறுத்தி என்ன ஆகப் போகுது?

அஞ்சு... இரும்பு. துரு ஏறுற கார்பன் ஸ்டீல் சுலபமா கூராகும், ஆனா மாங்காய்ப் புளிப்பு பட்டாலே கறுத்துடும். நம்ம வெயிலுக்கும் வேர்வைக்கும் ஸ்டெயின்லெஸ்தான் தோது. சாணை பிடிக்கக் கொடுத்தா, பொறி பறக்க அழுத்த வேண்டாம்னு சொல்லுங்க. சூடேறினா இரும்போட பதம் போயிடும்.

இதைக் கொஞ்சம் சீரியஸா படிங்க...

ஆயுதச் சட்டத்துல, அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கிற கத்திகளை ஆயுதப் பட்டியல்ல வெச்சிருக்காங்க. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழிலுக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு. 'நம்ம கத்தி குட்டிதானே, அப்போ பிரச்னை இல்லை'ன்னு தோணும். பொறுங்க.

காயப்படுத்தினா சட்டம் ஸ்கேல் எடுத்து அளக்காது. 2024 ஜூலை 1 முதல் நடப்புல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல, கையால அடிச்சு சாதாரணக் காயம்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். அதே சாதாரணக் காயம், வெட்டுற குத்துற கருவியாலன்னா மூணு வருஷம் வரைக்கும். கொடுங்காயம்னா ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். கேன்டீன்ல சீட்டுப் பிடிக்கிற சண்டை, பஸ் ரூட் சண்டை... அந்த ஒரு நிமிஷத்துல பாக்கெட்டுல இருந்த பழக்கத்தி ஆயுதமா மாறிடும். அப்புறம் பாஸ்போர்ட்டுக்கும் அரசாங்க வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும்போது அந்த கேஸ் வந்து முன்னாடி நிக்கும். 'தற்காப்புக்கு வெச்சிருக்கேன்'னு யாராவது கெத்து காட்டினா, அவன்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. காலேஜுக்கும் தேர்வு ஹாலுக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க. விமானத்துல கைப்பையில வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியில போட்டுடணும்.

உத்தரப்பிரதேசத்துல ராம்பூர்னு ஒரு ஊர். மடக்குக் கத்திக்குப் பேர் போனது. சினிமா வில்லன்கள் கையில ஏறி ஏறி, அந்தப் பேரே பயமுறுத்துற பேரா ஆயிடுச்சு. 1990-களில் நாலரை அங்குலத்துக்கு மேல இருக்கிற கத்திக்கு அரசாங்கம் தடை போட, தொழிலே படுத்துடுச்சு. அங்கேயும் இரும்பு, இங்கேயும் இரும்பு. அங்கேயும் கைவேலை, இங்கேயும் கைவேலை. எடுத்தவன் எதுக்கு எடுத்தாங்கிறதுல ஒரு ஊரோட பேரே மாறிடுது பாருங்க!

சாயங்காலம் சமவெளிப் பக்கம்...

பாடம் முடிஞ்சது, இனி பிராக்டிகல்! பழனி ரோட்டுல ஆயக்குடி கொய்யா, கோடையில போனா நத்தம் மாம்பழம். வாங்கிக் கழுவி, புளியமர நிழல்ல உட்கார்ந்து கத்தியை விரிங்க. உங்களை விட்டு வெளிப்பக்கமா வெட்டுங்க. பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் ஒரு துண்டு நீட்டுங்க, நீட்டும்போது கத்தியை மடக்கிடுங்க. சிறுமலை வாழைப்பழம் கிடைச்சா கத்தியே வேணாம், உரிச்சு வாயில போட வேண்டியதுதான்!

முடிச்சதும் அலகைத் துடைச்சு, கீல்ல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மடக்கி, பாக்கெட்டுல போட்டுக்குங்க. கோபம் வர்ற அன்னிக்கு மட்டும் ரூம்லயே வெச்சுட்டு வந்துடுங்க.

அதுக்குத்தான் பெட்டிக்கு ஒரு திண்டுக்கல் பூட்டும் சேர்த்து வாங்கச் சொன்னது!