எந்தக் கொழுந்தை விடுறது?

தக்காளியில் தண்டும் இலைக்காம்பும் சேருற இடத்தில் ஒரு சின்னக் கொழுந்து வரும். விட்டால் அது இன்னொரு தண்டாகி, தானும் பூத்துக் காய்க்கும். யூடியூப்பில் தேடிப் பாருங்கோ, முதல் வாற அறிவுரையே அதைக் கிள்ளி எறி என்பதுதான். போன போகம் விசுவமடுவில் எங்கட தோட்டத்தில், அம்மாவுக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதமும் இதைப் பற்றித்தான்.

எங்களுக்கு அது சின்ன விசயமில்லை. இருநூறு கண்டு. கிழமைக்குக் கிழமை கட்டுற லோன் காசும் தங்கச்சியின்ர ரியூசன் காசும் அதில இருந்துதான் வரவேணும்.

நான் காட்டின வீடியோவில் செடி ஒற்றைத் தண்டாக, நூலைப் பிடிச்சுக்கொண்டு மேல போகுது. அம்மா பார்த்திட்டுச் சொன்னா: "தம்பி, அதுக்கு மேல கூரை கிடக்கு. எங்கட காய்க்கு இந்த இலைதான் கூரை."

அதில் நியாயம் இருக்கு. தக்காளியில் இரண்டு வகை. ஒன்று கொடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். அதுக்குப் பக்கக் கொழுந்தைக் கிள்ளினால் சத்து இருக்கிற காய்களுக்குப் போகும். காய் பெருக்கும், கொஞ்சம் முந்தியும் பழுக்கும். மற்றது ஓரளவு உயரத்தோட நிண்டு புதராகிற வகை. அதுக்குப் பக்கக் கிளையில்தான் விளைச்சலே. எல்லாத்தையும் கிள்ளினால் காயையும் சேர்த்துக் கிள்ளின மாதிரி. மாரி மழை ஓய்ஞ்சு நட்டு, பங்குனி வெயிலில் காய்க்கிற எங்கட பக்கத்தில் இலை குறைஞ்சால் இன்னொரு பிரச்சினையும் வரும். வெயில் நேர பட்ட இடம் வெளிறி, தோல் கடதாசி மாதிரிச் சுருங்கும். அதைச் சந்தையில் ஒருத்தரும் எடுக்காயினம்.

அதுக்காக ஒன்றையும் தொடாமல் விடவும் ஏலாது. நிலத்தோட முட்டுற இலையில் ஈரம் நிண்டு நோய் ஏறும். கடைசியில் இப்படி முடிவெடுத்தம்: முதல் பூக்கொத்துக்குக் கீழ வாற கொழுந்துகளை எல்லாச் செடியிலும் எடுக்கிறது, மேல உள்ளதை விடுறது. கொடி வகை நட்ட ஒரு வரிசையை மட்டும் ஒற்றைத் தண்டாக விட்டு, தென்னோலையால் நிழல் கட்டினம்.

கிள்ளுறதிலும் முறை இருக்கு. விரல் நீளத்துக்கு முந்தி, காலமை பனி காய்ஞ்ச பிறகு, கையால முறிக்கவேணும். கத்தி ஒரு செடியின்ர சாறை மற்றச் செடிக்குக் கொண்டுபோகும். சுருட்டுப் பத்தின கையோட தொடவே கூடாது. புகையிலையில் இருக்கிற வைரஸ் தக்காளிக்கும் வரும்.

ஒற்றைத் தண்டு வரிசை முந்திப் பழுத்து, நல்ல விலைக்குப் போனது. பிறகு எல்லாற்ர தோட்டத்துப் பழமும் ஒண்டாய் வர விலை விழுந்தது. அந்த நேரம் லோனைக் கட்டினது புதர்ச் செடிகளின்ர நிறைதான். விலை விழுறதுக்கு எந்தக் கிள்ளலும் மருந்தில்லை. இரண்டு விதமாய் வைச்சிருந்ததால தப்பினம், அவ்வளவுதான்.

முறிச்ச கொழுந்துகளை அம்மா எறியேல்லை. நோயில்லாததுகளாய்ப் பார்த்து, கிணற்றடி நிழலில் ஈர மண்ணில் குத்திவிட்டா. இரண்டு கிழமைக்குள்ள வேர் பிடிச்சிட்டுது. முப்பது கண்டு, ஒரு சதம் செலவில்லை.