கண்மாயில் எல்லாரும் சேர்ந்து இருக்கும்போது, உங்க மீன்தொட்டியில் மட்டும் ஏன் சண்டை?

அறந்தாங்கியில் மீமிசல் பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் ஆவுடையார்கோவில் வந்துவிடும். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கோயிலுக்குத்தான் போவார்கள். கருவறையில் லிங்கத்துக்குப் பதில் ஆவுடையார் மட்டும், நந்தியும் கிடையாது, கொடிமரமும் கிடையாது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணம் மாணிக்கவாசகர் கையில் கோயிலாக மாறிய ஊர் என்பார்கள். மரச்சட்டம் மாதிரி கல்லை இழைத்துச் செய்த கொடுங்கையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காதவர்கள் குறைவு. இதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதனால் நாம் கோயிலை விட்டு வெளியே வந்து, ஊரைச் சுற்றியிருக்கும் தண்ணீரைப் பார்ப்போம். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே பார்க்க விஷயம் இருக்கிறது.

இந்தத் தாலுகாவே கண்மாய்களை நம்பித்தான் இருக்கிறது. ஒருபக்கம் தென்வெள்ளாறு. இன்னொரு பக்கம், தஞ்சாவூர் தாண்டி 150 கிலோமீட்டர் போல ஓடிவந்து மும்பாலை ஏரியில் முடியும் கல்லணைக் கால்வாய். நாம் இருப்பது அந்தக் கால்வாயின் கடைமடைப் பகுதி. மற்றதெல்லாம் மழை விட்ட வழி. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது. தண்ணீர் போகிற வழியெல்லாம் மீனும் போகும். இந்தச் சங்கதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெயில் காலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, சிலர் கையில் வெறும் வேட்டி என்று கூட்டம் மொத்தமாக இறங்கும். கரையேறும் கூடையை ஒருநாள் குழம்புக் கண்ணை மூடிவிட்டுப் பாருங்கள். மேல்மட்டத்தில் திரியும் பொடி மீன், நடுத்தண்ணீரில் கூட்டமாகப் போகும் கெண்டை, சேற்றோடு சேறாகக் கிடக்கும் அயிரை, ராத்திரியில் இரை தேடும் கெளுத்தி, இதையெல்லாம் தின்று வளரும் விரால். ஒரே தண்ணீர்தான், ஆனால் ஆளுக்கொரு மாடி. விராலிடமிருந்து தப்பிக்க அல்லியும் கோரையும் ஏக்கர் கணக்கில் இருக்கின்றன. அதனால்தான் கண்மாய் ஓடுகிறது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் பிடிப்பது சுமார் 56 லிட்டர். அதில் ஒளிய ஏக்கர் ஏது?

கடையில் நாம் செய்வது என்ன? கலர் பார்த்து வாங்குகிறோம். சிவப்பில் இரண்டு, கறுப்பில் இரண்டு, பிள்ளை கேட்டது ஒன்று. சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் கவரில் வந்து இறங்கும் மீன்களில் பலவற்றின் பூர்வீகம் வேறு வேறு கண்டங்கள். நியான் டெட்ராவும் ஏஞ்சலும் அமேசான்காரர்கள். ஒரே ஊர்க்காரர்கள்தானே என்று சேர்த்துவிட்டால், ஏஞ்சல் பெரிதானதும் நியானைத் தின்றுவிடும். மீன் உலகத்தில் வாய்க்குள் நுழைவதெல்லாம் இரை. இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

ஃபைட்டர் ஆண் மீன் இரண்டை ஒன்றாக விடக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீளமான கலர் வால் உள்ள கப்பியையும் அது சில சமயம் எதிரியாகவே நினைத்துக் கடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. டைகர் பார்ப் இன்னொரு ரகம். இரண்டு மூன்றாக வாங்கினால் அடுத்தவர் வாலைக் கடித்துக்கொண்டே திரியும். ஆறு, எட்டு என்று விட்டால் சண்டையைப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும். கூட்ட மீனை ஜோடியாக வாங்குவது அதற்குச் செய்யும் கொடுமை என்றே சொல்வேன். கோல்டு ஃபிஷ் சாதுதான். ஆனால் அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், நிறையத் தின்று நிறையக் கழியும். சூடான தண்ணீர் கேட்கும் மீன்களோடு அதைக் குடிவைத்தால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி இருக்காது.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் கடலை நெருங்க நெருங்க போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அப்படிப்பட்ட கடினமான தண்ணீரில் மோலி சந்தோஷமாக இருக்கும். பிளாட்டியும் கப்பியும் கூட ஒத்துப்போகும். நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர்தான் சரி. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எந்தத் தண்ணீரோ அதற்கேற்ற மீனை எடுப்பது சுலபம். மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் போனால் செலவும் அலைச்சலும்தான் மிச்சம்.

இப்போது சக்கர் மீன். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விரல் நீளத்தில் கொடுப்பார்கள். அது ஒன்றரை அடி வரை வளரும். ‘மினி பிரானா’ என்று விற்கப்படும் பாக்கு மீன் அதைவிடப் பெரிதாகும். ஒரு வருடத்தில் தொட்டி போதாது. கொல்ல மனசு வராது. வாளியில் போட்டுக்கொண்டு போய், “நல்லா இருடா” என்று பக்கத்துக் கண்மாயில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் செய்த திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள்.

கலிங்கு சங்கதி இங்கேதான் வருகிறது. ஒரு கண்மாயில் விட்டது அந்த ஒரு கண்மாயோடு நிற்காது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ‘ஜிலேபி’ என்று செல்லப்பெயர் வைக்கும் அளவுக்கு இன்று எந்தக் குளத்திலும் கிடைக்கிறது. அது பெருகிய இடத்தில் நாட்டு மீன்கள் இரைக்கும் இடத்துக்கும் போராட வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க அரசே தடை போட்டது, ஆனாலும் அது ஒழியவில்லை. சக்கர் மீனின் உடம்பு முழுக்க முள்ளும் தகடும். வலையில் சிக்கினால் வலை கிழியும், சந்தையில் வாங்க ஆள் கிடையாது. கண்மாய் மீன் குத்தகையில் வரும் பணம் ஊர்ப் பொதுக் காரியத்துக்குப் போகும் கிராமங்களில் இது கௌரவப் பிரச்னை மட்டுமில்லை, பணப் பிரச்னையும்கூட. அயிரைக் குழம்பு காணாமல் போவது தனி வருத்தம்.

அதனால் கடையில் முதல் கேள்வி, “அண்ணே, இது எவ்வளவு பெருசா வளரும்?” என்பதாக இருக்கட்டும். இரண்டாவது, “வளர்ந்துட்டா திருப்பி எடுத்துப்பீங்களா?” எடுத்துக்கொள்கிற கடைகள் உண்டு. அப்படிப்பட்ட கடையிலேயே வாங்குங்கள்.

நம்ம ஊர் மீன்களையே தொட்டிக்கு யோசித்தவர்கள் குறைவு என்பது எனக்கு ஆச்சரியம்தான். தென்னிந்தியா, இலங்கையின் கழிமுகங்களிலும் நன்னீரிலும் வாழும் செல்லக்காசு என்ற மீன் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு உடம்பு, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. வெளிநாட்டு மீன் பிரியர்கள் ‘ஆரஞ்சு குரோமைட்’ என்று தேடி வாங்குகிறார்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் சளியைக் கொத்தித் தின்னும். அதன் பெரிய உறவுக்காரர் செத்தக்கெண்டை, கேரளாவில் கரிமீன். செத்தக்கெண்டையின் துடுப்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைச் செல்லக்காசு பொறுக்கிச் சுத்தம் செய்யும். சந்தர்ப்பம் கிடைத்தால் அதே செத்தக்கெண்டையின் முட்டையையும் தின்னும். நம்ம தெருவிலும் இப்படி ஒரு உறவு இருக்குமே!

முதல்முறை தொட்டி வைக்கிறவர்களுக்கு என் யோசனை: அந்த இரண்டடித் தொட்டியில் அடியில் மணல், ஓரமாக வேலம்பாசி. நடுத்தண்ணீருக்கு ஆறு பிளாட்டி, அதில் ஆண் இரண்டு போதும், மற்றவை பெண். அடித்தளத்துக்கு நாலைந்து அயிரை. மணலில் புதைந்து கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்க்கவே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அயிரை துள்ளும், தொட்டிக்கு மூடி அவசியம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடவேண்டாம், பிளாட்டியில் இரண்டு மட்டும் முதலில். தண்ணீரில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக மூன்று, நாலு வாரம் ஆகும், அதுவரை தீனியும் கொஞ்சமாகவே போடுங்கள்.

அயிரையைக் கண்மாயில் பிடிக்கப் போனால் அது குத்தகையில் இருக்கிறதா என்று ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கரையோரத்தில் செக்கச்செவேல் என்று பந்து மாதிரி திரியும் குஞ்சுகள் கண்ணில் பட்டால் அழகாக இருக்கிறதே என்று பாட்டிலில் அள்ளிவிடாதீர்கள். அது விரால் குஞ்சு. கீழே அம்மா இருப்பாள்.