முன்பல்லுக்கு கேப் போடப் போறீங்களா? முதல்ல கலரைப் பேசிடுங்க

1) "டாக்டர், நல்லா பளிச்சுனு வெள்ளையா போட்டுடுங்க." முன்பல் ஒண்ணுக்கு செராமிக் கேப் போட வர்றவங்க பலரும் சொல்றது இதுதான். நான் உடனே சரின்னு சொல்ல மாட்டேன். ஏன்னு இந்த இழையில சொல்றேன்.

2) இயற்கையான பல் சுத்த வெள்ளை இல்லைங்க. உள்ளே இருக்குற டென்டின் மஞ்சள். மேலே இருக்குற எனாமல் வழியா அது தெரியும். அதனால ஒரே பல்லுலயே ஈறு பக்கம் மஞ்சள் கூடுதல், நுனியில லேசான சாம்பல். கோரைப்பல் பக்கத்துப் பல்லை விட இன்னும் மஞ்சள்.

3) இதைப் பொருத்திப் பாக்க, பெயிண்ட் கடை கார்டு மாதிரி எங்ககிட்ட ஷேடு கைடு இருக்கு. ரொம்ப காலமா புழங்குற வீட்டா கிளாசிக்கல் கைடுல ஏ1 முதல் டி4 வரை 16 ஷேடு.

4) ஷேடு எப்போ பாக்கணும்? பல்லைச் செதுக்குறதுக்கு முன்னாடி. வாய் திறந்தே இருந்தா பல் காய்ஞ்சு, வழக்கத்தை விட வெளுப்பா தெரியும். அந்த வெளுப்புக்கு கேப் செஞ்சா, மத்த பல் ஈரமாகி பழைய நிறத்துக்கு வந்ததும் கேப் மட்டும் தனியா நிக்கும்.

5) எங்கே பாக்கணும்? கடை லைட்டுல மேட்ச்சா எடுத்த பிளவுஸ் துணி வாசலுக்கு வந்தா வேற கலரா தெரியுமே, அதே கதைதான். பகல் வெளிச்சத்துல, ஜன்னல் பக்கம் பாக்கணும். லிப்ஸ்டிக்கைத் துடைச்சுடணும். சில நொடிக்கு மேல உத்துப் பாத்தா கண் பழகி ஏமாத்திடும்.

6) ஐம்பதைத் தாண்டின ஒரு அம்மா, வெளியூர்ல போட்ட கேப்போட வந்தாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு 3 வாரம். வலி இல்லை, கடி சரி. ஆனா பேசும்போதெல்லாம் புடவைத் தலைப்பு வாய்க்குப் போகுது. கேப் பி1, மத்த பல் ஏ3.5. அவங்களே கேட்டு வாங்கின வெள்ளை! ஒட்டின கேப்போட நிறத்தை மாத்த முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். உள்ளே இருக்குற பல்லுக்கு அது இன்னொரு சோதனை.

7) புது கேப்பைக் கையில வாங்கிப் பாத்ததும், "என்ன டாக்டர், மஞ்சளா இருக்கே?"ன்னு முகம் வாடிடுச்சு. வாயில வச்சுக் கண்ணாடியைக் கொடுத்தேன். எது கேப்னு கண்டுபிடிக்க அவங்களுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு.

8) வெள்ளைப் பல்தான் ஆசைன்னா, முதல்ல மத்த பல்லை பிளீச் பண்ணுங்க. சுமார் 2 வாரம் விட்டு, நிறம் நிலைச்சப்புறம் கேப்புக்கு ஷேடு பாக்கலாம். வரிசையை மாத்தாதீங்க. பிளீச் கேப்பை வெளுக்காது.

9) உங்க டாக்டர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. செதுக்குறதுக்கு முன்னாடி ஷேடு பாத்தாச்சா? ஷேடு துண்டைப் பல் பக்கத்துல வச்சு எடுத்த போட்டோ லேபுக்குப் போச்சா? ஒட்டுறதுக்கு முன்னாடி ஜன்னல் பக்கம் நின்னு நான் ஒரு தடவை பாக்கலாமா?

10) மனசுக்குப் பிடிக்கலைனா, தயங்காம அப்பவே சொல்லிடுங்க. ஒட்டாத கேப் லேபுக்குத் திரும்பிப் போகும், அவ்ளோதான்.